அக்கா வீட்டுக்கு வந்த பிரெஞ்சு கேட்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நானும் அதைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். யாரை எங்கே உட்கார வைப்பது என்று இன்றுவரை குழப்பம்தான். வெல்டிங் ராடு பிடித்தே பழகிய விரலுக்குப் பேனா ரொம்ப மெல்லிசாக இருக்கிறது. கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழிகிறது. பிழைகளைத் திருத்தித் தந்தவள் என் மனைவி. பேனாவோடு நான் உட்கார்ந்ததைப் பார்த்ததும், "இரும்புல எழுத்து போட்டதே போதாதா, இப்போ காயிதத்துல வேறயா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த இரும்பு எழுத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கேட் செய்கிறவன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டு கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று வருவதைச் செய்வேன். தொழிற்சாலைகளில் வேலை இருந்தால் கான்ட்ராக்டர் கூப்பிடுவார். உள்ளே போய் வெல்டிங் அடித்துக் கொடுத்துவிட்டு வருவேன். பேச்சு மட்டும் எனக்கு வராது. யாராவது என்னோடு பேச வருவது தெரிந்தால் முகமூடியை இறக்கிக்கொள்வேன். இந்தத் தொழிலில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த முகமூடிதான்.

ஒரு தொழிற்சாலைக்குப் பிரான்ஸிலிருந்து பெரிய இயந்திரம் ஒன்று வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க அந்த நாட்டுக்காரர் ஒருவரும் கூடவே வந்தார். அறுபதை நெருங்குகிற வயது, சிவந்த மூக்கு, தலையில் எப்போதும் ஒரு தொப்பி. இயந்திரத்தைச் சுற்றி இரும்பு மேடை அடிக்கிற வேலை எனக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலம் அரைகுறை. எனக்கு ஆங்கிலம் அரைகுறையிலும் கால்வாசி. பேச முடியாத இரண்டு பேர் சேர்ந்தால் எவ்வளவு நிம்மதி என்று அப்போதுதான் தெரிந்தது. என் வாழ்க்கையிலேயே சீக்கிரமாகக் கிடைத்த சிநேகிதர் அவர்தான்.

அவருக்கு மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் இல்லை. புதுச்சேரிக்காரர் ஒருவர் அங்கே எலக்ட்ரீசியனாக இருந்தார். பிரெஞ்சு நன்றாகப் பேசுவார். ஆனால் தேநீர் இடைவேளையில் அவர் மதில் ஓரமாக நின்று போனில் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். அதனால் அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் தனியாக இருப்போம். பிரெஞ்சுக்காரர் தன் கைப்பேசியில் அவருடைய கிராமத்தைக் காட்டுவார். மாடு, மழை, கோதுமை வயல். ஒரு நாள் ஒரு கேட் வந்தது.

இரண்டு சதுரக் கல்தூண்கள். ஒவ்வொன்றின் தலையிலும் துண்டு போர்த்திய ஒரு கல் சொம்பு. தூணிலிருந்து தூணுக்கு இரும்பு வளைவு, வளைவு முழுக்க எழுத்து, உச்சியில் சிலுவை. வளைவின் கீழே கறுப்பு இரும்பில் இரட்டைக் கதவு, பக்கத்தில் ஆள் நுழைகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. கம்பிகளுக்கு நடுவே பூவும் காயுமாக வேலைப்பாடு. வெல்டிங் வைத்த இடம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நான் தேநீரை மறந்துவிட்டேன். மற்றவர்கள் சினிமா நடிகையைப் பார்க்கிற மாதிரி அந்த கேட்டைப் பார்த்தேன்.

பிரெஞ்சுக்காரருக்குச் சந்தோஷம். படத்தின் மேல் விரலை வைத்து, "ஃபாதர், கிராண்ட்ஃபாதர், ஆல் இன்சைட்" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா, தாத்தா எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். கூட்டுக் குடும்பம்! வெள்ளைக்காரர்கள் பதினெட்டு வயதில் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று நினைத்தேன். "குட், வெரி குட்" என்றேன்.

"வெரி கொயட் பிளேஸ்" என்றார் அவர்.

பெரிய வீடு, பிள்ளைகள் சத்தம் போடாமல் வளர்க்கப்பட்டிருக்கிறார்கள். "வெரி குட்."

பிறகு அவர் தன் நெஞ்சைத் தொட்டு, "ஒன் டே, மீ ஆல்சோ" என்றார். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. ஓய்வு பெற்றதும் அப்பாவோடு போய் இருக்கப்போகிறார், பாவம், நல்ல மனுஷன் என்று எனக்கும் கண் கலங்கியது. கையைப் பிடித்து, "கோ சூன்" என்று சொன்னேன். சீக்கிரம் போய்ச் சேருங்கள் என்று வாய் நிறைய வாழ்த்தியிருக்கிறேன். அவர் ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். படத்தை அனுப்பச் சொல்லிச் சைகை காட்டினேன், அனுப்பினார்.

அந்தப் படம் எனக்கு ஏன் அவ்வளவு அவசரமாக வேண்டியிருந்தது என்று சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே அக்கா. மீஞ்சூர் பக்கம் நாங்கள் வளர்ந்த வீட்டுக்கு வாசற்கதவு கிடையாது. ஓலைத் தட்டியைத் தூக்கிச் சார்த்தி வைப்போம். அதை வைத்துக்கொண்டுதான் அக்காவைக் கடம்பத்தூரில் நஞ்சை நிலம் வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாமா தங்கமானவர். மாமாவுக்கு ஓர் அக்கா இருந்தார். அவரை நானும் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பெண் பார்க்க வந்த அன்று அந்தத் தட்டியைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து என் அக்காவுக்கு அந்த வீட்டில் பெயர், "கதவில்லாத ஊட்டுப் பொண்ணு". பாத்திரம் ஒன்று காணாமல் போனால், "கதவில்லாத ஊட்லேந்து வந்தவளுக்கு சாமான் பத்திரம் இன்னா தெரியும்?" அக்கா கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், "இன்னாம்மா, வாய்க்கு மட்டும் கதவு போட்டுகினு வந்தியா?" அக்காவுக்குத் தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பெயர் நரைக்கவில்லை.

அக்காவும் மாமாவும் திருநின்றவூரில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார்கள். புதுமனை புகுவிழாவுக்குத் தாய்வீட்டுச் சீர் கொண்டுபோக வேண்டும். என்ன வேண்டும் என்று கேட்கப் போனேன்.

"வேற ஒண்ணும் வேணாம்டா தம்பி" என்றாள் அக்கா. "ஒரு கேட்டு போட்டு குடு. நம்ம ஊட்லேந்து கதவு வந்துதுன்னு அண்ணி கண்ணால பாக்கணும். அன்னிக்கு ஒரு நாள் அவங்க வாய் மூடுச்சின்னா போதும், அப்பால நான் எதுவும் கேக்க மாட்டேன்."

என்னிடம் அவள் கேட்ட ஒரே பொருள் அதுதான். அதனால்தான் உலகத்திலேயே அழகான கேட்டைப் போட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

படத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்து வேலை ஆரம்பித்தேன். எதைப் பார்த்தாலும் எனக்கு அர்த்தம் புரிந்தது. அதுதான் வினை. தூண் தலையில் துண்டு போர்த்திய சொம்பா? பூரண கும்பம். வெள்ளைக்காரனும் கும்பம் வைக்கிறான், தேங்காய் கிடைக்காததால் துணி போட்டிருக்கிறான். கம்பி நடுவில் இரண்டு பக்கமும் இறக்கை முளைத்த, இடை சிறுத்த குடுவை மாதிரி ஒன்று இருந்தது. உடுக்கை என்று நினைத்தேன். சாமி உடுக்கைதான் பறக்கும் என்று எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டேன். வரிசையாக இருந்த காய்களை மாதுளை என்று எடுத்துக்கொண்டேன். வீடு நிறைய விதை, வம்சம் விருத்தி. கதவின் இரண்டு பக்கமும் தீப்பந்தங்கள் தலைகீழாக இருந்தன. இந்த ஓர் இடத்தில் மட்டும் அந்த ஊர்க் கொல்லர் தப்பு செய்துவிட்டார் என்று நினைத்து, பெருந்தன்மையோடு நிமிர்த்தி வைத்தேன்.

சிலுவை இருந்ததே, சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். அவர் வேதக்காரர், அவர் வீட்டில் சிலுவை இருக்கும், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மாமா வீட்டார் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். சிலுவையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாமம் போட்டேன். எல்லாருக்கும் சேர்த்துத்தான் போடுகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வளைவில் இருந்த எழுத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அவர்கள் குடும்பப் பெயராக இருக்கலாம். ஆனால் எழுத்தில்லாத வளைவு பல் கொட்டிய வாய் மாதிரி இருந்தது. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்பதென்றால் பேச வேண்டும். எனக்கு இரும்பை வளைப்பது பேசுவதை விடச் சுலபம். பட்டையைச் சூடு பண்ணி ஒவ்வோர் எழுத்தாக வளைத்து, படத்தில் இருந்தபடியே, ஒரு புள்ளி பிசகாமல் வைத்தேன். தமிழில் என் பெயரைக்கூட அவ்வளவு பிழையில்லாமல் எழுதியது கிடையாது.

வீட்டுக்கு முன்னால் கொத்தனார் சிமென்ட்டில் தூண் எழுப்பி, சொம்பும் துண்டும் செய்து கொடுத்தார். துண்டின் மடிப்பு அவருக்கு அத்தனை அழகாக வந்தது. கேட்டை மாட்டி, கறுப்பு பெயின்ட் அடித்து, நுனிகளுக்குத் தங்க நிறம் பூசினேன். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. அந்தக் கனத்தில்தான் போய்ப் பிரெஞ்சுக்காரரையும் விழாவுக்கு அழைத்துவிட்டேன். கேட்டைப் பற்றிச் சொல்லவில்லை. வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

விழா அன்று கேட் முழுக்கச் சாமந்தி. தூணுக்குச் சாமந்தி, சொம்புக்குச் சாமந்தி, வளைவிலிருந்து சரம் சரமாகத் தொங்கும் சாமந்தி. முதலில் பசுவை உள்ளே அழைத்துப் போனார்கள். பசு கேட் வரைக்கும் ஒழுங்காக வந்து, அங்கே நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. அகத்திக்கீரை காட்டினார்கள், பின்னால் தள்ளினார்கள், அசையவில்லை. கடைசியில் சின்னக் கதவு வழியாகத்தான் போனது. அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்த ஒரே ஜீவன் அந்தப் பசு என்று இப்போது நினைக்கிறேன்.

அண்ணி வந்தார். கேட்டின் முன்னால் நின்று மேலிருந்து கீழே பார்த்தார். கீழேயிருந்து மேலே பார்த்தார்.

"இன்னாபா இது, கோயில் கோபுரத்த பேத்துகினு வந்துட்டியா?"

நான் காலால் மண்ணைக் கிளறினேன். முகமூடி கையில் இல்லை.

"நம்ம ஊட்டு சீரு அண்ணி. தம்பி போட்டது" என்றாள் அக்கா.

"சீரு சரி. மேல இன்னாமோ எழுதிகீதே, தெலுங்கா?"

மாமாவின் சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டினார். "இங்கிலீஷ் எழுத்துதான். ஹோடி... மிஹி... கிராஸ்... டிபி."

"டிபியா?" என்றார் அண்ணி. "காசநோய் ஆஸ்பத்திரிக்கு போட்ட கேட்டா? அவங்க வேணாம்னுட்டாங்களா?"

கூட்டம் சிரித்தது. அக்காவும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த முகத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. புதுச்சேரிக்காரரும் பிரெஞ்சுக்காரரும் இறங்கினார்கள். பிரெஞ்சுக்காரர் கேட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றார். தொப்பியைக் கழற்றினார். நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலுமாகச் சிலுவை போட்டுக்கொண்டு தலை குனிந்தார்.

"பாரு, வெள்ளக்காரரே கும்புட்றாரு" என்று யாரோ சொன்னார்கள்.

அவர் நேராக என்னிடம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். புதுச்சேரிக்காரர் என் காதோரம் குனிந்தார்.

"வீட்ல யார் தவறிட்டாங்கன்னு கேக்கறாரு. தன்னோட வருத்தத்தச் சொல்றாரு."

"யாரும் தவறலயே."

"அப்புறம் ஏங்க கல்லறை கேட்டப் போட்டு, கல்லறைப் பூவ வேற கட்டி வெச்சிருக்கீங்க? இது அவர் ஊர்க் கல்லறை வாசல். அவங்க ஊர்ல சாமந்திய சமாதிக்குத்தான் வெப்பாங்க."

ஃபாதர், கிராண்ட்ஃபாதர், ஆல் இன்சைட். வெரி கொயட் பிளேஸ். எல்லாம் வரிசையாக வந்து என் மண்டையில் உட்கார்ந்தன. "கோ சூன்" கடைசியாக வந்து உட்கார்ந்தது.

என் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. கையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போனாள். பால் பொங்கிய அடுப்பு இன்னும் சூடாக இருந்தது.

"இன்னாடா பண்ண?"

"அக்கா, அது சுடுகாட்டு கேட்டுக்கா."

"இன்னாது?"

"சுடுகாடு இல்ல, கல்லறை. பொதைக்கிற எடம்."

திருத்தம் சொல்கிற நேரமா அது? என்னைப் போல் ஒரு மடையன் கிடைப்பது கஷ்டம்.  அக்காவின் கண் வாசல் பக்கம் போனது. அங்கே அண்ணியின் குரல் ஓங்கிக் கேட்டது.

"வந்ததும் வந்துட்டாரு, அவரையே கேளுங்கப்பா. மேல இன்னாதான் எழுதிகீதுன்னு!"

அக்கா ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அதற்குள் பிரெஞ்சுக்காரர் வளைவைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, மரியாதையோடு, நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். அது லத்தீனாம், செத்தவன் வழியில் போகிறவனைப் பார்த்துச் சொல்வதாம். இன்றைக்கு நான் போனேன், நாளைக்கு நீ வருவாய் என்று அர்த்தமாம். அதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. புதுச்சேரிக்காரர் நெளிந்தார். என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினார்.

"இன்றைக்கு எனக்கு. நாளைக்கு உனக்கு."

அதோடு வாயை மூடிக்கொண்டார்.  நான் கேட்டின் கீலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவின் வாழ்நாள் மானத்தை நான் அந்தக் கீலில் தொங்கவிட்டிருந்தேன்.

அக்கா முன்னால் போய் அண்ணியின் கையைப் பிடித்தாள்.

"ஆமா அண்ணி. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். இன்னிக்கு எனக்கு ஊடு. நாளிக்கி உங்களுக்கு."

அண்ணிக்குச் சொந்த வீடு கிடையாது. கடம்பத்தூரிலேயே புருஷன் வீட்டுக் கூட்டுக் குடும்பத்தில் ஓர் அறையில் காலம் தள்ளுகிறவர். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், யாரும் அவர் எதிரே பேசியது கிடையாது. அவர் வளைவைப் பார்த்தார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அக்கா கேட்டது அந்த ஒரு நாள்தான். அது அங்கே வந்து நின்றது. ஆனால் வாய் மூடிய அண்ணியின் கண் நிறைந்துவிட்டதை அவளும் நானும் எதிர்பார்க்கவில்லை.

"என்னிய நெனச்சாம்மா எழுதி வெச்ச?" என்றார் கடைசியில். "நான் இன்னா இன்னா பேசிகீறேன் உன்ன."

பிரெஞ்சுக்காரரும் அழுதார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் எனக்கு வெட்கம். விருந்தில் மூன்று தடவை வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு அக்காவிடம் சொன்னேன்: "ஒரு வாரத்துல வேற போட்டு தரேன்க்கா. இத கழட்டிகினு போயிட்றேன்."

அக்கா சின்னக் கதவின் மேல் கை வைத்து நின்றாள். "செத்தவங்களுக்கா இவ்ளோ அழகா வாசல் வெக்கிறாங்க அந்த ஊர்ல?"

"ஆமாக்கா."

"நம்ம நைனா செத்தப்ப வழி இருந்துதாடா? வரப்பு மேல தூக்கிகினு போனோம். நீ சேத்துல வுழுந்த." சின்னக் கதவைத் தள்ளித் திறந்து பார்த்தாள். "இருக்கட்டும்டா. நைனாவுக்கும் சேத்து போட்டதா நெனச்சிக்கிறேன். மாமாகிட்ட மட்டும் சொல்லாத, பேஜாரு பண்ணுவாரு."

பிரெஞ்சுக்காரர் ஊருக்குப் போவதற்கு முன், புதுச்சேரிக்காரரை நடுவில் வைத்து எனக்கு அந்த வாசலை முழுக்கப் பாடம் எடுத்தார். இந்த முறை கேள்வி கேட்டேன். தூண் தலையில் இருப்பது சாம்பல் வைக்கிற பாத்திரம். துணி, துக்கத்துக்குப் போட்ட திரை. இறக்கை வைத்த குடுவை, மணல் கொட்டி நேரம் காட்டுவது. நேரம் பறக்கிறது என்று அர்த்தம். மாதுளை என்று நான் வைத்தது கசகசாக் காய், நிரந்தரத் தூக்கம். தலைகீழான பந்தம், அணைந்த உயிர். அதை நான் நிமிர்த்தி வைத்ததைப் பார்த்துவிட்டு அவர் ரொம்ப நேரம் யோசித்தாராம். எங்கள் ஊரில் செத்தவர்கள் திரும்பி எழுந்து வருவார்களோ என்று கேட்டார். அந்தக் கதவைச் செய்த கொல்லர் காலத்தில் வெல்டிங் கிடையாது. கம்பியைக் கம்பியோடு இரும்பு வளையம் போட்டு இறுக்கி, ஆணி அடித்தே முழுக் கதவையும் நிறுத்தியிருக்கிறார். இப்போது தூண் ஒன்று சாய்கிறதாம். ஊர்க்காரர்கள் விடுமுறை நாளில் கூடி, பழைய முறையிலேயே சுண்ணாம்புக் கலவை குழைத்து நிமிர்த்துகிறார்களாம். இவரும் போய் மண் சுமப்பாராம்.

இன்னொன்றும் சொன்னார். சின்னக் கதவு பார்க்க வருகிறவர்களுக்கு. அதைப் பூட்டுவதே இல்லை. பெரிய கதவு பிணம் வரும்போது மட்டும்தான் திறக்கும். அக்கா வீட்டில் பெரிய கதவு கார் வந்தால் திறப்பதற்கு. அவர்களுக்கு இன்னும் கார் இல்லை. மாமா கார் வாங்கலாமா என்று கேட்கும்போதெல்லாம் நான் ரயிலின் பெருமையைப் பேசுகிறேன். நான் வாய் திறந்து பேசுகிற ஒரே விஷயம் அதுதான் என்று மாமா ஆச்சரியப்படுகிறார்.

இப்போது அண்ணி கடம்பத்தூரில் வீடு கட்டுகிறார். போன வாரம் பட்டறைக்கே வந்துவிட்டார். முகமூடியை இறக்கினேன், விடவில்லை, அதைத் தட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்கும் அதே கேட்டு. அந்த எழுத்தும் அப்படியே இருக்கணும், ஒண்ணு கொறையக் கூடாது. அது பலிக்கிற வாக்குபா."

 அக்காவுக்கு போன் செய்தேன். எழுத்தை மாற்றிவிடட்டுமா, உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் 'க்ளுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அக்கா சிரிப்பை அடக்குகிறாள் என்று பிறகுதான் புரிந்தது.

"அவங்களுக்கு எப்பவோ தெரியும்டா. நானே சொல்லிட்டேன். ரெண்டு பேரும் வடாம் புழிஞ்சிகினு இருந்தோம், வாய் சும்மா இல்ல."

"இன்னா சொன்னாங்க?"

"சிரிச்சி சிரிச்சி வடாம் மாவ கொட்டிட்டாங்க. அப்பால, 'அதுவும் நெசந்தானம்மா, ஊடு வந்தா வரும், வராட்டி போவும், அது மட்டும் எல்லாருக்கும் உண்டு'ன்னாங்க. போடுடா. பந்தத்த மட்டும் நிமித்தியே வெச்சிடு."

இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுது, பேரு மட்டும் போடாத" என்றாள். போடவில்லை.

இன்று காலை பிரெஞ்சுக்காரர் ஒரு படம் அனுப்பியிருந்தார். தூண் நேராகிவிட்டது. பெரிய கதவு சாத்தியிருக்கிறது, சின்னக் கதவு திறந்திருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் தொட்டி தொட்டியாகச் சாமந்தி. பார்த்ததும் அங்கே யாரோ புதுவீடு புகுகிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. படத்தைப் பட்டறைச் சுவரில் பழைய படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, அண்ணியின் வளைவுக்கு முதல் எழுத்தை வளைத்து வைத்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து இதை எழுதினேன்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.